முதல் ஒரு மீட்டர்: துகள் முடுக்கிகளில் பம்ப் இல்லாமல் குளிர்விப்பது எப்படி?

கேள்வி: "சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். துகள் முடுக்கிக் கூடங்களில் பம்ப், விசிறி எதுவும் இல்லாமல் தானாகவே குளிரும்படி அமைத்த பாகங்கள் உண்மையிலேயே உண்டா? நம் ஊர் வெப்பத்தில் அது எடுபடுமா? இதை ஒட்டி ஒரு செயல்திட்டம் செய்யலாமா?"

பதில்:

உண்டு. அதுவும் ஓரத்தில் கிடக்கும் சின்னப் பாகங்களில் மட்டுமல்ல. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வுக்கூடத்தில் மெகாவாட் அளவு சக்தி கொண்ட புரோட்டான் கற்றை ஒரு கிராஃபைட் சக்கரத்தில் மோதுகிறது. அந்தச் சக்கரத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடுவதில்லை. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தின் சி.எம்.எஸ். உணர்கருவியின் மாபெரும் காந்தத்தில் திரவ ஹீலியம் பம்ப் இல்லாமல் தானாகவே சுற்றிவருகிறது.

நம் ஊரில் எடுபடுமா என்றால், எடுபடும். ஆனால் கூடம் முழுவதற்கும் அல்ல. வெப்பம் பிறக்கும் இடத்திலிருந்து முதல் ஒரு மீட்டருக்கு. அந்த ஒரு மீட்டரில் வெப்பம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்துவிட்டால், அதற்கப்பால் உள்ளதைச் சாதாரணக் குழாய் வேலை பார்த்துக்கொள்ளும். அங்கே கோட்டை விட்டால் எவ்வளவு பெரிய சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) வாங்கி வைத்தாலும் தொல்லை தீராது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படிப் பம்பும் விசிறியும் இல்லாமல் தானாகக் குளிர்வதைப் பாசிவ் கூலிங் என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் நம் மாணவர்கள் பெரும்பாலும் துடுப்பு வைத்த அலுமினியத் துண்டைத்தான் நினைக்கிறார்கள். முடுக்கிகளில் அது மிகச் சிறிய பகுதி.

பம்பையும் விசிறியையும் தவிர்க்க இந்தத் துறையினர் இவ்வளவு பாடுபடுவது ஏன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது அதில் கடைசிக் காரணம். கற்றை ஓடும்போது சுரங்கத்துக்குள் யாரும் நுழைய முடியாது. நின்றுபோன விசிறியைக் கழற்றி மாட்ட ஆள் அனுப்ப முடியாது. கதிர்வீச்சு படும் இடத்தில் ரப்பர் வளையம் இறுகி வெடிக்கும், பிளாஸ்டிக் குழாய் பொடிந்துபோகும், விசிறியின் மின்னணுச் சுற்று செத்துப்போகும். தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. உயர் ஆற்றல் துகள்கள் தண்ணீரில் பட்டால் அதிலுள்ள ஆக்சிஜன் அணுக்கரு உடைந்து ஆக்சிஜன்-15, பெரிலியம்-7, டிரிட்டியம் போன்ற கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. ஆக்சிஜன்-15 இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். பெரிலியம்-7 பாதியாக 53 நாள் ஆகும். டிரிட்டியத்துக்கு 12 ஆண்டுக்கு மேல். அந்தத் தண்ணீர் கசிந்தால் அது வெறும் ஈரத் தரை அல்ல. வெற்றிடத்துக்குள் கசிந்தால் இயந்திரமே நின்றுவிடும்.

இன்னொரு காரணம் அதிர்வு. எக்ஸ்-கதிர்க் கற்றையை மைக்ரோமீட்டருக்கும் கீழே குவிக்கும் இடங்களில் குழாய்க்குள் ஓடும் நீரின் சுழிப்பே கண்ணாடியையும் படிகத்தையும் நடுங்க வைக்கும். ஆகவே அங்கே தண்ணீரைத் தள்ளி நிறுத்திவிட்டு, வளைந்து கொடுக்கும் செம்புப் பின்னல் பட்டையால் வெப்பத்தை இழுப்பார்கள்.

சரி, எவ்வளவு வெப்பம்? இதை முதலில் கணக்குப் போடாமல் யாரும் குளிர்விப்பு முறையைப் பற்றிப் பேசக்கூடாது. நம் ஊரிலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அமைந்த சின்க்ரோட்ரான் ஒளி மூலம், எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு ஒளி எடுக்கும் கூடம். அதன் வளையம் ஹீலியோஸ் 2. சுற்றளவு வெறும் 10.8 மீட்டர். எலக்ட்ரானின் ஆற்றல் 70 கோடி எலக்ட்ரான் வோல்ட். அதை வளைக்கும் மீக்கடத்திக் காந்தங்களின் புலம் 4.5 டெஸ்லா. இந்த எண்களை வைத்துப் போட்டால் ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 41,000 எலக்ட்ரான் வோல்ட்டை ஒளியாக இழக்கிறது என்று வரும். வளையத்தில் 300 மில்லியாம்பியர் ஓடுவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 12 கிலோவாட். ஒரு சிறிய அறைக்குள் அடங்கும் வளையத்தின் உட்சுவரில் 12 கிலோவாட் விழுகிறது. அதன் பக்கத்திலேயே 4 கெல்வின் குளிரில் காந்தச் சுருள் இருக்கிறது. இங்கே குழாய்த் தண்ணீர் இல்லாமல் முடியாது.

அதே பல்கலைக்கழகத்தின் அயனிக் கற்றைப் பயன்பாட்டு மையத்தில் 35 லட்சம் வோல்ட் முடுக்கி ஒன்று உண்டு. அத்தகைய கருவியில் 20 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்கள், 1 நானோஆம்பியர் மின்னோட்டம் என்று வையுங்கள்: 2 மில்லிவாட். மாதிரியைப் பிடித்திருக்கும் உலோகத் தாங்கியே போதும். குளிர்விப்பு என்று தனியாக எதையும் கட்ட வேண்டியதில்லை. புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சையிலும் ஏறக்குறைய இதே கதைதான். தேசியப் புற்றுநோய் நிலையத்தின் கோ செங் லியாங் புரோட்டான் சிகிச்சை நிலையம் 2023இல் திறக்கப்பட்டது. பொதுவாக இத்தகைய சிகிச்சையில் 23 கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்கள் சில நானோஆம்பியர் அளவில்தான் நோயாளியை அடைகின்றன. பெருக்கிப் பார்த்தால் ஒரு வாட்டை ஒட்டி வரும். அங்கே வெப்பம் கற்றையில் இல்லை. காந்தங்களின் செம்புச் சுருளிலும் மின்வழங்கிப் பெட்டிகளிலும் இருக்கிறது. ஆகவே "முடுக்கியைக் குளிர்விப்பது" என்று மொத்தமாக ஒரு கேள்வி கிடையாது. எந்தப் பாகம், எத்தனை வாட், எவ்வளவு பரப்பில் என்று கேட்க வேண்டும்.

இனி சிங்கப்பூருக்கே உரிய சிக்கல். இதை வெளிநாட்டு நூல்கள் தொடுவதில்லை, அவற்றுக்குத் தேவையும் இல்லை.

மின்வழங்கிப் பெட்டியின் முதுகில் துடுப்பு வைத்து, விசிறி இல்லாமல், வெப்பத்தை அறைக் காற்றில் விட்டுவிட்டோம் என்று வையுங்கள். பெட்டியளவில் பார்த்தால் அது பாசிவ். ஆனால் அந்த அறை குளிரூட்டப்பட்ட அறை. காற்றில் விட்ட ஒவ்வொரு வாட்டையும் குளிர்சாதனம் பிடித்து, குளிர்நீரில் ஏற்றி, சில்லர் வழியாகக் கூரைக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல சில்லர் ஆலையில்கூட 1 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற 0.2 கிலோவாட்டை ஒட்டி மின்சாரம் செலவாகும். காற்றைத் தள்ளும் விசிறிகளுக்கு அதற்கு மேலும். பெட்டியிலிருந்து விசிறியைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய இயந்திரத்தை மாடியில் ஓட்டுகிறோம். சன்னலைத் திறந்து வைக்கும் குளிர்நாட்டுக் கூடத்துக்குச் சரியான தீர்வு, இங்கே கணக்கில் தோற்றுவிடும். ஒரு குளிர்விப்பு முறை பாசிவ்தானா என்பதைப் பாகத்தின் ஓரத்தில் கோடு போட்டுப் பார்க்காதீர்கள்; கட்டடத்தின் வெளிச்சுவரில் கோடு போட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். நம் ஊரில் தடை வெயில் அல்ல, ஈரம்தான் என்பது என் உறுதியான கருத்து. விடியலுக்கு முன் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். 28 டிகிரி, 80 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் பனிநிலை 24 டிகிரி செல்சியஸ் வருகிறது. அதாவது வெளிக்காற்று தொடும் எந்தப் பரப்பும் 24 டிகிரிக்குக் கீழே இருந்தால், காப்பிக் கடையில் ஐஸ் போட்ட குவளை வேர்ப்பதைப் போல அது வேர்க்கத் தொடங்கிவிடும். 6, 7 டிகிரி குளிர்நீர்க் குழாயின் காப்புறையில் ஓர் இணைப்பு சரியாக ஒட்டப்படாமல் இருந்தாலும் போதும். முதலில் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். பிறகு துளி திரளும். அது காந்தத்தின் மின்முனையிலோ கேபிள் தட்டிலோ சொட்டும். கதவைத் திறந்து வைத்துப் பராமரிப்பு வேலை செய்யும் நாள்களில் இதை நன்றாகவே பார்க்கலாம்.

ஈரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கதிர்வீச்சு பட்ட காற்றில் ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகும். அவை ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். வேர்த்த செம்புக் குழாயில் அந்த அமிலம் படிந்தால் பச்சை பூத்து அரிக்கும். காற்றை உலர்த்தாமல் முடுக்கிக் கூடத்தை இங்கே நடத்தவே முடியாது என்பதற்கு இதுவும் காரணம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஏற்ற அமைப்பு எது என்பது தானாகத் தெரியும். வெப்பத்தைக் காற்றில் விடக்கூடாது. பனிநிலைக்குக் கீழேயும் போகக்கூடாது. பாகத்திலிருந்து கடத்தலாலோ வெப்பக் கதிர்வீச்சாலோ வெப்பத்தை இழுத்து, 30 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தகட்டில் சேர்க்க வேண்டும். அந்தத் தகடு வேர்க்காது. அந்தத் தண்ணீரைக் கூரையில் உள்ள குளிர்கோபுரமே ஆற்றிவிடும், அமுக்கி (கம்ப்ரசர்) வேண்டியதில்லை. முதல் ஒரு மீட்டர் என்று நான் சொல்வது இந்தத் தகடு வரையிலான வழியைத்தான்.

அந்த வழியில் வெப்பக் கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு என்று பார்ப்போம். 60 டிகிரியில் இருக்கும் ஒரு பரப்பு, 27 டிகிரிச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கறுப்பேற்றிய அலுமினியம் என்றால் சதுர மீட்டருக்கு 200 வாட்டுக்குச் சற்று அதிகமாகக் கதிர்வீசும். இயற்கை வெப்பச்சலனம் இன்னொரு 150, 170 வாட் எடுத்துப்போகும். இரண்டும் சேர்ந்தும் 400 வாட்டை எட்டவில்லை. அதே பரப்பைப் பளபளவென்று மெருகேற்றிவிட்டால் கதிர்வீச்சு 20 வாட்டுக்குக் கீழே விழும். பார்க்க அழகாக இருக்கிறது என்று மெருகேற்றிய உறைக்குள் மின்வழங்கியை அடைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

இப்போது அதே பரப்பை 1,700 கெல்வினுக்கு ஏற்றுங்கள். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. கதிர்வீசு திறன் 0.8 என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 380 கிலோவாட் வரும். பம்ப் வைத்த தண்ணீரோடு போட்டியிடும் அளவு இது. பால் ஷெரர் ஆய்வுக்கூடத்தின் இலக்குச் சக்கரம் வேலை செய்வது இந்த நான்காம் அடுக்கை நம்பித்தான். 59 கோடி எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் கற்றை அதன் விளிம்பில் மோதிப் பயான், மியூவான் என்ற நுண்துகள்களை உண்டாக்குகிறது. சக்கரம் நொடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. ஒரே இடம் வெந்துபோகாமல் வெப்பம் விளிம்பு முழுவதும் பரவுகிறது. கிராஃபைட் அந்த 1,700 கெல்வின் அளவிலேயே ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றித் தள்ளி நிற்கும் செம்புத் தகடுகளில்தான் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் உண்டு, ஆனால் கற்றையின் பாதையில் இல்லை. ஜப்பானின் ஜே-பார்க் கூடத்திலும் மியூவான் உண்டாக்க முதலில் நிலையான கிராஃபைட் இலக்கு இருந்தது. 2014இல் சுழலும் இலக்குக்கு மாறினார்கள். அங்கும் இதே வழிதான்.

இதில் நலிந்த கண்ணி எது தெரியுமா? கிராஃபைட் அல்ல, சக்கரத்தைச் சுழலவிடும் தாங்குருளை (பேரிங்). வெற்றிடத்தில், சூட்டில், கதிர்வீச்சில் எண்ணெயோ கிரீஸோ நிற்காது. ஜப்பானியர்கள் டங்ஸ்டன் டைசல்ஃபைடு என்ற திட மசகைப் பயன்படுத்தினார்கள். வெப்பக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு உருளையில் மாட்டிக்கொள்வது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது.

அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் மியூ-டு-ஈ என்ற மியூவான் சோதனைக்கென்று வடிவமைத்த இலக்கு இன்னும் துணிச்சலானது. பென்சில் பருமனுள்ள டங்ஸ்டன் கோல், சக்கரம்போல் ஆரக்கால்களால் தாங்கப்பட்டு, பெரிய மீக்கடத்திக் காந்தத்தின் நடுவே வெற்றிடத்தில் நிற்கும். அதில் 8 கிலோவாட் கற்றை மோதும். வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். குளிர்விப்பு முழுக்கக் கதிர்வீச்சுதான். அந்த நெருக்கமான இடத்தில் கதிரியக்கத் தண்ணீரைக் கொண்டுபோய் வருவதைவிட உலோகத்தை ஒளிரவிடுவது மேல் என்ற முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும்: அந்தச் சூட்டில் டங்ஸ்டன் மிச்சசொச்ச ஆக்சிஜனோடு வினைபுரிந்து தேயும். எனவே வெற்றிடம் மிகச் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

கடத்தல் பார்க்க எளிது, ஆனால் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான். 2 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் குறுக்குவெட்டு, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கோல் ஒன்று 20 வாட்டைக் கடத்த வேண்டும். செம்பு என்றால் இரு முனைக்கும் இடையே 37 டிகிரி வேறுபாடு. சாதாரண அலுமினியக் கலவை என்றால் 90. துருவேறா எஃகு என்றால் கணக்கு ஆயிரம் டிகிரி என்கிறது, அதாவது நடக்காது. வெற்றிடக் கூடுகள் பெரும்பாலும் துருவேறா எஃகால் ஆனவை என்பதை நினைவில் வையுங்கள். கூட்டில் பிடித்து வைத்தேன், வெப்பம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோலைவிடத் தொல்லை கொடுப்பது இணைப்பு. இரண்டு செம்புக் கட்டிகளை நன்றாகத் தேய்த்துச் சமமாக்கித் திருகால் இறுக்குகிறீர்கள். கண்ணுக்கு முழுவதும் ஒட்டியிருப்பதாகவே தெரியும். உண்மையில் நுண்ணிய மேடுகள் சில இடங்களில்தான் தொடுகின்றன. நடுவிலுள்ள பள்ளங்களைக் காற்று நிரப்பி, வெப்பத்தில் ஒரு பங்கை அதுவே சுமக்கிறது. இதை மேசையில் வைத்து, ஒரு கட்டியில் சிறு சூடேற்றி பொருத்தி, வெப்ப இரட்டைகளால் (தெர்மோகப்பிள்) அளந்துகொண்டே வெற்றிடப் பம்பைப் போட்டுப் பாருங்கள். சூடேற்றியைத் தொடவில்லை, திருகைத் தொடவில்லை. ஆனாலும் அழுத்தம் இறங்க இறங்கச் சூடான கட்டியின் எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். பள்ளங்களில் இருந்த காற்று போய்விட்டது. நானே பார்த்திருக்கிறேன்; பார்க்கும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது.

இதற்கு மருந்து இண்டியம் தகடு. காகிதம் அளவு மெல்லியது, நகத்தால் அழுத்தினால் தடம் விழும் மென்மை. இடையில் வைத்து இறுக்கினால் பள்ளங்களுக்குள் வழிந்து நிரம்பிவிடும். ஆனால் அது 157 டிகிரியில் உருகும். வெற்றிடக் கூட்டைச் சுட வைத்து வாயு நீக்கும்போது அந்த எல்லையை மறந்தால் இண்டியம் ஒழுகிப் போய்விடும். அதேபோல வெற்றிடத்துக்குள் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கதிர்வீச்சைக் கூட்டலாம் என்று தோன்றும். பெயின்ட் வாயு விடும், கற்றைக் குழாயின் வெற்றிடத்தைக் கெடுக்கும். பரப்பைச் சொரசொரப்பாக்குவது, ஆக்சைடு ஏற்றுவது போன்ற வழிகளையே நாட வேண்டும்.

குளிர்விக்க நேரமே இல்லாத இடங்களும் உண்டு. செர்னின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் ஒரு கற்றையில் முழு வடிவமைப்பு அளவில் 362 மெகாஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கும். அதை வெளியேற்ற வேண்டி வந்தால் ஒரே சுற்றில், 90 மைக்ரோநொடிக்குள், ஒரு கிராஃபைட் உருளையில் கொட்டிவிடுவார்கள். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாயும் தண்ணீர்கூட அந்த நேரத்தில் கால் மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டித்தான் நகரும். ஆகவே எந்தப் பம்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. கிராஃபைட்டின் வெப்பக் கொள்ளளவு ஒன்றே துணை. அதிலும் கற்றையை ஒரே புள்ளியில் விழவிடாமல், காந்தங்களால் சுழற்றி உருளையின் முகத்தில் பரத்தி விழச் செய்கிறார்கள்.

ஈர்ப்பு விசை பம்பின் வேலையைப் பார்க்கும் அமைப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை. சி.எம்.எஸ். காந்தம் 4 டெஸ்லாவுக்கு வடிவமைக்கப்பட்ட, 6 மீட்டர் அகலமுள்ள சுருள். அதைச் சுற்றியுள்ள குழாய்களில் திரவ ஹீலியம் வெப்பம் வாங்கிக் கொஞ்சம் கொதிக்கிறது; குமிழி கலந்த ஹீலியம் எடை குறைந்து மேலே ஏறுகிறது; மேலேயுள்ள தொட்டியிலிருந்து கனமான திரவம் கீழே இறங்குகிறது. வெப்பம் கூடினால் ஓட்டமும் தானாகவே கூடும். செர்னின் இன்னோர் உணர்கருவியான அட்லஸுக்கோ 92 மீட்டர் உயர வேறுபாட்டைப் பயன்படுத்தி, தரைமட்டத்தில் குளிர்பொருளைத் திரவமாக்கி, அந்தத் திரவத் தூணின் எடையாலேயே அடியிலுள்ள குகைக்கு அழுத்தம் கொடுக்கிறார்கள். மேலே திரவமாக்கும் இயந்திரம் ஓடத்தான் செய்கிறது. ஆனால் தேய்ந்து பழுதாகும் அமுக்கிகள் நடுவில் இல்லை. நமக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர்த் தகட்டுக்கு வெப்பத்தை ஏற்ற ஒரு மீட்டர் உயரமுள்ள வெப்பக் குழாயே (உள்ளே திரவம் ஆவியாகி மேலேறி, குளிர்ந்து திரும்பும் மூடிய குழாய்) போதும்.

அதி குளிரில் பாசிவ் என்பதன் மதிப்பு பல மடங்காகிறது. மோதுவியின் காந்தங்கள் 1.9 கெல்வினில், ஓடாமல் நிற்கும் மீபாய்ம (சூப்பர்ஃப்ளூயிட்) ஹீலியத்தில் மூழ்கியுள்ளன. அந்த நிலையில் ஹீலியம் செம்பைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். ஆகவே சுருளில் விழும் வெப்பம், திரவம் அசையாமலே, காந்தம் நெடுகச் செல்லும் வெப்பமாற்றிக் குழாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே நுழையும் ஒவ்வொரு வாட்டையும் 30 டிகிரி வெளியுலகத்துக்கு ஏற்ற, கார்னோ கணக்குப்படியே குறைந்தது 158 வாட் வேண்டும். நடைமுறையில் அதைப்போல் பல மடங்கு. ஆகவே வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பதுதான் முதல் வேலை. அறை வெப்பநிலையில் உள்ள கறுப்புச் சுவர் சதுர மீட்டருக்கு 460 வாட் அளவு கதிர்வீசும். அலுமினியம் பூசிய மெல்லிய படலங்களைப் பல அடுக்காக வெற்றிடத்தில் சுற்றினால், அறை வெப்பநிலைக்கும் 80 கெல்வின் கேடயத்துக்கும் இடையே அது ஒரு வாட்டை ஒட்டி இறங்கிவிடுகிறது. ஹீலியோஸ் போன்ற சிறு வளையங்களும் இத்தகைய காப்பு இல்லாமல் இயங்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த குளிர்விப்பு, வெப்பத்தை உண்டாக்காமல் இருப்பது. ஃபெர்மி ஆய்வகத்தின் 3.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ரீசைக்ளர் வளையத்தைப் பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் ஃபெரைட் நிலைக்காந்தங்களால் கட்டினார்கள். அவற்றில் சுருள் இல்லை, மின்னோட்டம் இல்லை, தண்ணீர் இல்லை. பிரான்சில் 2020இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்த ஐரோப்பியச் சின்க்ரோட்ரான் கூடத்தின் 844 மீட்டர் வளையத்திலும் வளைக்கும் காந்தங்களில் பலவற்றை நிலைக்காந்தமாக மாற்றினார்கள். இதற்கும் ஒரு விலை உண்டு. ஃபெரைட்டின் வலிமை ஒரு டிகிரி சூட்டுக்கு 0.2 விழுக்காடு குறையும். அதைச் சரிக்கட்ட, சூடேறும்போது காந்தப் புலத்தைக் குறைவாக உறிஞ்சும் நிக்கல்-இரும்புப் பட்டைகளை ஃபெரைட் கட்டிகளுக்கு நடுவே வைத்தார்கள். குளிர்விப்பு மட்டுமல்ல, வெப்பநிலைத் திருத்தமும் அங்கே பாசிவ்தான். முழு அமைப்பிலும் திருகவோ பழுதாகவோ எதுவும் இல்லை. சிங்கப்பூரில் புதிதாக ஒரு சிறு முடுக்கிக் கூடம் கட்ட என்னிடம் கருத்துக் கேட்டால், சில்லரின் அளவைப் பற்றிப் பேசுமுன் எத்தனை காந்தங்களை நிலைக்காந்தமாக்கலாம் என்றுதான் கேட்பேன்.

கடைசியாக உங்கள் செயல்திட்டம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் துடுப்பு வடிவங்களைக் கணினியில் ஒப்பிடும் வேலையை எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே நிறைய நடந்துவிட்டது. வெற்றிட இணைப்பின் வெப்பத் தொடர்பை அளப்பதை எடுங்கள். ஒரு சிறு வெற்றிட மணி, இரண்டு செம்புக் கட்டிகள், 20 வாட் சூடேற்றி, முறுக்கு அளவுச் சாவி, சில வெப்ப இரட்டைகள் போதும். வெறும் இணைப்பு, இண்டியம் தகடு, கிராஃபைட் தாள் என மூன்று வகையை, திருகின் இறுக்கத்தை மாற்றி மாற்றி, காற்றிலும் வெற்றிடத்திலும் அளவிடுங்கள். குளிர்ந்த பக்கத்தைக் குளிர்நீரில் கட்டாதீர்கள். 32 டிகிரித் தண்ணீரில் கட்டுங்கள். நம் ஊருக்கு வேண்டிய எண்கள் அந்த நிலையில் எடுத்தவைதாம்.

வெப்ப இரட்டைகளை இணைப்பின் இருபுறமும் இரண்டிரண்டாக, தெரிந்த இடைவெளியில் பதியுங்கள். அப்போதுதான் கட்டிக்குள் உள்ள சரிவைக் கழித்துவிட்டு, இணைப்பில் மட்டும் எத்தனை டிகிரி விழுகிறது என்று கண்டுபிடிக்கலாம். சூடேற்றியின் கம்பி வழியாகவும் கதிர்வீச்சாலும் கொஞ்சம் வெப்பம் நழுவும். கட்டியைச் சுற்றி அலுமினியப் படலம் சுற்றுங்கள், கம்பியை மெல்லியதாக எடுங்கள். வெற்றிடம் எட்டியபின் வெப்பநிலை நிலைபெற ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் எண்ணைக் குறியுங்கள். அவசரமாக எடுத்த எண்ணில் கட்டி இன்னும் சூடேறிக்கொண்டிருப்பதும் கலந்திருக்கும். அதை இணைப்பின் எதிர்ப்பு என்று எழுதினால் தேர்வாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.